ஓனருக்கு முதுகு காட்டிய சூரியகாந்திகள்

சூரியகாந்திச் செடிகளைக் கம்பெனி ஆட்களைப் போல வேலை வாங்கிய மனிதர் உலகத்திலேயே எங்கள் ‘ஷிப்டு’ ஒருவராகத்தான் இருக்க முடியும். திருப்பதியில் நான் குடியிருந்த வீட்டில் அவர் பக்கத்து அறைக்காரர். சொந்த ஊர் பிச்சாட்டூர். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. “சாப்டீங்களாணா?” என்று கேட்டால், “செகண்ட் ஷிப்டுல துன்னுக்கலாம்” என்பார்.

கிழக்குப் பார்த்த வீடு. ஓனருக்கு அதில் தனிப் பெருமை. முன்பக்கச் சுவரை ஒட்டி ஒரு துண்டு மண், நல்ல வெயிலில் சும்மா கிடந்தது. ஓனர் ஒருநாள், “இஷ்டப்பட்ட செடி வெச்சுக்கோய்யா. ஆனா நான் வராண்டாவுல காபி குடிக்கும்போது பூ என்னைப் பாக்கணும்” என்றார்.

“அது என் பொறுப்பு சார்” என்றார் ஷிப்டு. அவருடைய அப்பா காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். இஷ்டப்பட்டதை நடு என்று அந்தக் குடும்பத்தில் எவரிடமும் யாரும் சொன்னதில்லை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

விதையை நேராகத் தரையிலேயே போட்டார். நெருக்கி முளைத்ததில் நோஞ்சான்களைப் பிடுங்கினார். அதற்குப் பெயர் லே-ஆஃப். ஆளுயரம் தாண்டியதும் மூங்கில் நட்டு, பழைய ஐ.டி. கார்டு நாடாக்களால் கட்டினார். கழுத்தில் நாடாவோடு அவை கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பது போலவே இருக்கும். மொட்டுகள் காலையில் கிழக்கே பார்த்தன. சாயங்காலம் மேற்கே, வீட்டைப் பார்த்தன. “பர்வாலேதே!” என்று ஓனர் தெலுங்கில் மெச்சினார்.

பூத்தன. பூத்ததும் திரும்புவதை நிறுத்திவிட்டன. முற்றிய சூரியகாந்தி கிழக்கே பார்த்தே நின்றுவிடும். கிழக்கே இருந்தது எதிர் வீடு. அந்த வீட்டு அம்மாவோடு ஓனர் சாக்கடைத் தகராறில் வருஷக்கணக்காகப் பேசுவதில்லை.

“என் தண்ணியக் குடிச்சிட்டு அந்தம்மாவைப் பாத்து இளிக்குதா?”

“கான்ட்ராக்ட்ல இருந்த வரிக்கும் சுத்திக்கினு இருந்துச்சு சார். இப்போ பர்மனென்ட் ஆயிட்சி. இனிமே யாருக்கும் திரும்பாது.”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள புடுங்கிடு. இல்லைன்னா நீ காலி பண்ணு.”

ஷிப்டு அன்று எந்த ஷிப்டிலும் சாப்பிடவில்லை. “என் கையால புடுங்க மாட்டேன்பா. காலி பண்ணிக்கினு போறேன்” என்று பெட்டி கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஓனரே அரிவாளோடு இறங்கினார். எதிர் வாசலிலிருந்து குரல் வந்தது.

“இங்க வந்து நின்னு பாத்துட்டு அப்புறம் வெட்டுய்யா.”

சண்டை போடத்தான் ஓனர் தெருவைத் தாண்டினார். அங்கே போய்த் திரும்பிப் பார்த்தார். சுவர் நெடுக மஞ்சள் முகங்கள், நடுவில் அவர் வீடு. அந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்து எத்தனை வருஷமோ. அரிவாள் தொங்கிப்போனது.

“நம்ம வீடா இது?” என்றார்.

“தெனமும் கதவத் தொறந்தா இதான். இரு, காபி எடுத்துக்கினு வரேன்” என்றார் அந்த அம்மா.

மறுநாளிலிருந்து ஓனரின் நாற்காலி எதிர் வாசலுக்குப் போனது. ஷிப்டு பெட்டியை அவிழ்த்துவிட்டு அவரிடம் போய், “பூ உங்களைப் பாக்கறது என் பொறுப்புன்னு சொன்னேன்ல சார்” என்றார், கொஞ்சமும் சிரிக்காமல்.

இப்போது நான் வேறு ஊரில், அபார்ட்மெண்டில் இருக்கிறேன். மொட்டைமாடியில் தொட்டி வைத்து ஒரு சூரியகாந்தி வளர்த்தேன். தொட்டிப் பூவை இஷ்டப்படி திருப்பலாம். பூத்ததும் கீழே என் வாசலுக்குக் கொண்டுவந்து, எதிர் வீட்டுக் கதவைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். ஷிப்டு அண்ணன் பக்கத்தில் இல்லாதது ஒன்றுதான் குறை.