மூன்று பேருக்கு மட்டும் பொகோட்டா

"எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?" என்று ரொட்டிக்கடை ஓர்பீலியா கேட்டாள். தவளை தன் வாயால் கெடும் என்பது யனேத்துக்கு அந்த நொடியில்தான் புரிந்தது.

கொலம்பியாவின் இபாகே ஊரில் "தலைநகர் பொகோட்டாவுக்குப் போறேன்" என்று சொன்னால், கையோடு "நீங்களும் வாங்களேன்" என்றும் சொல்லியாக வேண்டும். கேட்பவர் "இன்னொரு தடவை பார்ப்போம், மாதா துணையிருக்கட்டும்" என்று மறுத்தாக வேண்டும். அதுதான் மரியாதை. யனேத்தும் மரியாதைக்குத்தான் கூப்பிட்டாள். ஓர்பீலியாவுக்கும் இது தெரியும். ஆனால் பொகோட்டாவில் அவளுக்கு ஒரு தங்கை மகள் இருந்தாள், அவளைப் பார்த்து இரண்டு வருஷமாகிவிட்டது.

யனேத் ஆஸ்பத்திரி நர்ஸ். அவள் வீட்டில் இருக்கும்போது பிள்ளைகள் பள்ளியில். பிள்ளைகள் வரும்போது அவள் ஷிப்டில். திங்கட்கிழமையும் விடுமுறையான இந்த வார இறுதிக்காக மேட்ரனிடம் கெஞ்சிக் கூத்தாடி மூன்று நாள் லீவு வாங்கியிருந்தாள். தயானாவுக்குப் பதினாறு, யெர்சனுக்குப் பதினாலு. இன்னும் ஒரு வருஷம் போனால் அம்மாவோடு தெருவில் நடக்கவே வெட்கப்படுவார்கள். அதற்குள் மூவர் மட்டும், மூன்றே நாள். பாவம், அவள் கேட்டது அவ்வளவுதான்.

சேதி கேட்டதும் தயானா ஒரு காது இயர்போனை மட்டும் கழற்றினாள்.

"ரொட்டிக்கடை ஆன்ட்டியா? வழி முழுக்கப் பேசிக்கிட்டே வருவாங்களேம்மா!"

"பேச்சுத் துணைக்கு ஒரு ஆளைப் பிடிச்சுட்டா நம்மளை விட்டுடுவாங்கடி" என்றாள் யனேத்.

ஆளும் கிடைத்தாள். தயானாவின் ஞானத்தாய் கிளாதிஸ். வாயில் ஓர்பீலியாவுக்குச் சளைத்தவள் இல்லை. ஆனால் கிளாதிஸ் புருஷன் இல்லாமல் எங்கும் போக மாட்டாள். புருஷன் அவன் அம்மா இல்லாமல் போக மாட்டான். அந்த அம்மா பஸ்ஸில் ஏறினால் வாந்தி எடுப்பாள்.

"தனி வேன் எடுத்துட்டா நினைச்ச இடத்துல நிறுத்திக்கலாம்" என்று யனேத் தெருமுனை வில்மரிடம் போனாள்.

"அக்கா, என் வண்டி பத்தொன்பது சீட்டு. ஏழு பேருக்கெல்லாம் எடுத்தா கட்டுப்படியாகாது" என்றான் வில்மர்.

"அதுக்கென்ன, நான் நிரப்பறேன்!" என்றாள் கிளாதிஸ். சொன்னபடியே செய்தாள். மாதா கோயில் பாடகர் குழுவில் பாதி ஏறிக்கொண்டது. இத்தனை பேருக்கு ஓட்டல் எதற்கு என்று ஓர்பீலியாவின் தங்கை மகள் வீட்டில் தரையில் படுப்பதென்று முடிவாயிற்று. யனேத் பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்த அருங்காட்சியகம் ரத்து, அதற்குப் பதில் பூங்காவில் அடுப்பு மூட்டிக் கோழிக் குழம்பு. அதற்கென ஒருவர் குளிப்பாட்டும் தொட்டி அளவுக்கு ஒரு அண்டாவோடு வந்தார்.

அண்டாவைப் பார்த்த யெர்சன் கேட்டான். "அம்மா, நாம சுத்திப் பாக்கப் போறோமா, ஊரைக் காலி பண்ணிட்டுப் போறோமா?"

தயானா தம்பியை அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளைகளோடு இருக்கப் போட்ட திட்டத்தில் பிள்ளைகளையே பகைத்துக்கொண்டாயிற்று.

சனிக்கிழமை காலை ஆறு மணி. வாசலில் வேன். உள்ளே பாட்டு, வாழையிலையில் கட்டி அவித்த நாற்பது தமால், முன்சீட்டில் அண்டா. பிள்ளைகளைக் காணோம். யனேத் ஓடிப்போய்ப் பார்த்தால், இரண்டும் போர்வைக்குள் முனகிக்கொண்டிருந்தன. நெற்றியைத் தொட்டாள். கொதித்தது. நர்ஸ்தான், ஆனால் தெர்மாமீட்டரைத் தேடக்கூடத் தோன்றவில்லை.

பின்னாலேயே வந்த ஓர்பீலியா தானும் தொட்டுப் பார்த்துவிட்டு அலறினாள். "ஐயோ, டெங்கு!"

அந்த ஒரு சொல்லில் வேனில் பாட்டு நின்றது. ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன.

"நீ புள்ளைங்களைப் பாரு யனேத்து" என்று கிளாதிஸ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கத்தினாள். "உன் பங்கு தமாலையும் நாங்களே சாப்பிட்டுக்கறோம், கவலைப்படாதே!"

யனேத் வாசலில் நின்றாள். மேட்ரனிடம் கெஞ்சி வாங்கிய மூன்று நாளும், அவள் போட்ட திட்டமும், அவள் பெயரிலேயே எடுத்த வேனும் அவள் இல்லாமல் புறப்படப் போகின்றன. உள்ளே பிள்ளைகள் முகம் கொடுத்துப் பேசியே இரண்டு நாளாயிற்று. கண்ணில் நீர் முட்டியது.

வில்மர் என்ஜினைக் கிளப்பினான். பிறகு ஜன்னல் வழியே தலையை நீட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அழாதீங்கக்கா. புள்ளைங்களுக்குக் காய்ச்சலே இல்ல, சூடான சாக்லேட் கப்பை நெத்தியில வச்சுக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான். நாங்க அந்தப் பக்கம் திரும்பினதும் நீங்க பஸ் டெர்மினலுக்குக் கிளம்புங்க. எட்டு மணிக்கு மெதெயின் ஊருக்குப் போற பஸ்ஸுல உங்க புள்ளைங்க நேத்தே மூணு சீட்டு போட்டுட்டாங்க. நாலாவது ஆளை மட்டும் மறந்தும் கூப்பிட்டுடாதீங்கன்னு சொல்லச் சொன்னாங்க."