ஜப்பான்காரர்களை எப்போது அனுப்புவீர்கள்?

ஞாயிறு பதிப்பின் மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஸ்கூடாயிலிருந்து லோஷினி எழுதுவது. தாங்களும் அச்சகத்தாரும் நலம் என்று நம்புகிறேன். நாங்கள் நலமில்லை. அதற்குத் தாங்களே காரணம் என்பதைப் பணிவுடன் தெரிவிக்கவே இக்கடிதம்; போன மாதமே எழுதியிருக்க வேண்டும், கைக்குழந்தைக்காரி, தாமதத்தைப் பொறுக்கவும்.

தங்கள் பத்திரிகையில் வரும் ‘தண்டவாளத்தில் ஒரு தாமரை’ சரித்திரத் தொடரைப் பற்றித்தான். நிஜ ஜப்பான்காரன் மலாயாவில் இருந்தது மூன்று வருடம் எட்டு மாதம். தங்கள் தொடரில் அவன் நுழைந்து நான்கு வருடம் ஆகிவிட்டது, கிளம்புகிற வழியைக் காணோம். கதாநாயகன் மதிவாணன் கதாநாயகி அங்கம்மாவைப் பார்த்த முதல் பார்வைக்கே பதினொரு வாரம் போனது. சயாம் ரயில் பாதையில் நம் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருக்க, அங்கே கட்டை சுமக்கிற மதிவாணனுக்கு நிலாவை வர்ணிக்க நேரம் கிடைக்கிறது. காவல் காக்கும் ஜப்பான் கேப்டன் என் பள்ளிக்கூடத் தமிழாசிரியரைவிட நல்ல தமிழ் பேசுகிறான். போகட்டும், அது இலக்கியம்.

என் கவலை என் மாமியார் தனலெட்சுமி. விடியற்காலை ஐந்து மணிக்கே பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள் நான். காஹாங் கிராமத்திலிருந்து வந்திருக்கும் அத்தைதான் என் மகன் ஜீவனைப் பார்த்துக்கொள்கிறார். அவர் பிறந்தது ஐம்பத்தெட்டில்; ஜப்பான் சம்பந்தமாக அவர் நேரில் கண்டது சுஷிக் கடை ஒன்றுதான். ஆனால் அங்கம்மாவின் அரிசியைச் சிப்பாய்கள் பறித்த ஞாயிறன்று எங்கள் தொட்டிலுக்கடியில் இரண்டு மூட்டை அரிசி ஏறிவிட்டது. மறு வாரம் கேப்டனுக்குக் குனிந்து வணங்காத கிழவருக்கு அறை விழுந்தது; அன்றிலிருந்து அத்தை கொடுத்த பயிற்சியில், கதவைத் திறந்தாலே என் பிள்ளை இடுப்பை வளைத்துக் கும்பிடுகிறான், சாப்பாடு கொண்டுவரும் கிராப்காரரும் பதிலுக்குக் குனிகிறார். அங்கம்மா மரவள்ளிக்கிழங்கு தின்னத் தொடங்கியதும் அதுவும் இங்கே வந்துவிட்டது: காலையில் அவித்து, மதியம் மசித்து, சாயங்காலம் கஞ்சியாக. பால் கிடையாது, முட்டை கிடையாது. பதினான்கு மாதப் பிள்ளைக்கு இரண்டு மாதமாக எடை ஏறவில்லை. கிளினிக்கில் தமிழ் நர்ஸ் மிஸ்ஸி அவன் எடைப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்டு, என்ன கொடுக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார். அத்தை முந்திக்கொண்டார்.

“ஜப்பான் காலத்துல எல்லாரும் கெளங்குதான் லா சாப்டாங்க, மிஸ்ஸி. செத்தா போய்ட்டாங்க?”

“செத்துத்தான் போனாங்க, அத்தை!” என்றேன்.

“அது மலேரியாவுல மா. தொடர ஒழுங்காப் படி.”

மிஸ்ஸி என்னைப் படையெடுத்து வந்தவளைப் போலப் பார்த்தார். கணவர் ரூபேந்திரனிடம் அழுதால், “அம்மா ஆசையாப் படிக்கிறாங்க, வுடு லா. ஆமா, கேப்டன் அந்த லெட்டர அங்கம்மாகிட்ட குடுத்தானா?” என்கிறார்.

ஆகவே ஐயா, வரும் ஞாயிறே ஜப்பான் சரணடைந்தாக வேண்டும். காதலர்களைச் சேர்த்து வையுங்கள், இல்லை கொன்று போடுங்கள். எப்படியாவது வெள்ளைக்காரனை ரொட்டியும் பால் டின்னுமாகக் கொண்டுவந்து இறக்கிவிடுங்கள்.

தங்கள் பேனாவும் குடும்பமும் குறைவின்றி இருக்கட்டும்.

இப்படிக்கு,
லோஷினி ரூபேந்திரன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், தொடர் சீக்கிரம் முடியப் போகிறது என்று அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். “முடிஞ்சா எனக்கு இங்க என்ன மா வேல? எங்கூர்ல பேப்பர் ரெண்டு நாள் லேட்டு, அதான் தங்கியிருக்கேன். முடிஞ்ச மறுநாளே பஸ் ஏறிடுவேன்” என்கிறார். விடியற்காலை ஐந்து மணிக்குப் பிள்ளையை வாங்கிக்கொள்ள இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்? மேலே எழுதியதையெல்லாம் தயவுசெய்து கிழித்துவிடவும். ஜீவன் பாலர் பள்ளி சேர இன்னும் மூன்று வருடம். அதுவரை ஜப்பான்காரர்கள் இருக்கட்டும். கேப்டன் மட்டும் இந்த ஞாயிறே அங்கம்மாவுக்குப் பால், முட்டை, கோழிக் கஞ்சி அனுப்பத் தொடங்கட்டும். அவன் அவளைக் காதலித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.