எங்கள் நாலு நொடியை அருவி அடித்துக்கொண்டு போன விவரம்

மதிப்பிற்குரிய இயக்குநர் குமரகுரு ஐயா அவர்களுக்கு,

மேலகரத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் கோமதிசங்கர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி உலகம்மையும் நலம். சாரலும் நலம். அங்கே தாங்களும் தங்கள் கம்ப்யூட்டரும் நலமாக இருக்க இலஞ்சிக் குமாரரை வேண்டுகிறேன்.

தங்கள் முதல் படத்தை நாற்பது வருடம் கழித்துக் கம்ப்யூட்டரில் புதுப்பித்து வெளியிட்டிருப்பதாகப் பேப்பரில் பார்த்ததும், ஆய்க்குடிச் சம்பந்தி வீட்டாரையும் சேர்த்துப் பதினோரு பேரைத் தென்காசி தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். காரணம், அந்தப் படத்தில் நாங்களும் இருக்கிறோம். எண்பத்து நாலாம் வருடம், பங்குனி மாதம், எங்களுக்குக் கல்யாணமாகி இருபது நாள். குற்றாலத்துக்குக் குளிக்கப் போனால் அருவியில் குழாயடி அளவுக்குத்தான் தண்ணீர். அதன் கீழே தங்கள் கதாநாயகி பாடிக்கொண்டிருந்தார். தங்கள் உதவியாளர் எங்களைப் பிடித்துப் பின்னால் நிறுத்தினார். கல்யாண போட்டோக்காரர் பிலிம் ரோலை வெயிலில் திறந்துவிட்டதால், நாங்கள் மாப்பிள்ளை பெண்ணாக இருந்ததற்கு உலகத்தில் உள்ள ஒரே சாட்சி அந்த நாலு நொடிதான். கல்யாண நாள்தோறும் அதை முன்னே கேசட்டிலும் பிறகு யூடியூபிலும் போட்டு, நிறுத்தி வைத்துப் பார்ப்போம். உலகம்மை அப்போது ஒன்று சொல்லுவாள், அது இங்கே வேண்டாம்.

ஐயா, தியேட்டரில் அந்தப் பாட்டு வந்தது. "இந்தா வருதோம், இந்தா வருதோம்" என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். வந்தது வெள்ளம். தங்கள் கம்ப்யூட்டர் அருவியைப் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சுக்கு மேலே பொங்கவிட்டு எங்கள் இருவரையும் மூழ்கடித்துவிட்டது. அவ்வளவு தண்ணீர் விழுந்தால் இங்கே போலீஸ் சங்கு ஊதி எல்லாரையும் விரட்டிவிடும். "ஏலே, அந்தப் பிள்ளைய வெளிய வரச் சொல்லுங்கலே, தடை போட்டாச்சு!" என்று ஒருத்தன் கத்த, தியேட்டரே சிரித்தது. சம்பந்தியம்மா குருவம்மாள் மட்டும் சிரிக்காமல், "அண்ணாச்சி, நீங்க எங்கன நிக்கிய?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து பழைய கேசட்டை எடுத்தால் பூஞ்சை. யூடியூபில் தேடினால், பழைய பிரதியைத் தங்கள் கம்பெனி எடுத்துவிட்டது. உலகம்மை கேசட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அப்புறம், "நாம அங்கன போகவே இல்லன்னு ஆகிப்போச்சு, பாத்தியளா" என்றாள்.

தங்கள் கஷ்டமும் புரிகிறது ஐயா. தண்ணீர் இல்லாத அருவி நாற்பது வருடமாகத் தங்கள் மனசை உறுத்தியிருக்கும். ஆனால் வெளியே விட்ட படம் தங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. அதில் நின்றவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் பங்கு உண்டு. நடந்தது நடந்தபடி இருக்கட்டும், குறையும் சேர்ந்ததுதானே படம். புதுசைத் தாராளமாக ஓட்டுங்கள். பழைய பிரதியையும், ஒரு புள்ளிகூட மாற்றாமல், திரும்பப் போடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

வீட்டில் எல்லாருக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். சீசனுக்கு வாருங்கள், நம் வீட்டில்தான் சாப்பாடு.

இப்படிக்கு,
திரையில் வலது ஓரம் நின்ற
கோமதிசங்கர்

பி.கு.: கடிதத்தை உலகம்மைக்கு வாசித்துக் காட்டினேன். "எல்லாம் சரி, அந்த விசயத்த எழுதலியே" என்கிறாள். எழுதிவிடுகிறேன். அந்த நாலு நொடியும் அவள் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் வாயைப் பிளந்துகொண்டு தங்கள் கதாநாயகியைப் பார்க்கிறேன். "எப்பதான் இந்தப் பக்கம் திரும்புவிய?" என்பதுதான் நாற்பது வருடமாக அவள் கேட்பது. ஆகவே ஐயா, பழைய பிரதியைப் போடுமுன், தங்கள் கம்ப்யூட்டரால் முடியுமென்றால், என் தலையை மட்டும் கொஞ்சம் இடது பக்கமாகத் திருப்பிவிடவும்.