சந்துவும் கருப்பியின் குட்டியும்

தாமிரபரணியின் இரு கரையிலும் மூளையைப் பற்றிப் பேசியே அடுத்தவர் மூளையைக் கரைத்ததில் சந்துவை மிஞ்சியவன் கிடையாது. ஆராய்ச்சி மாணவர் விடுதியில் எனக்கு அடுத்த அறை. மற்றவர்கள் மூளைச் செல்லை ஆராய, இவன் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவிலுள்ள சந்தை ஆராய்ந்தான். 'சந்து' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

"அந்தச் சந்து சும்மா கிடக்கல வே. பசை மாதிரி ஒரு வலை இருக்கு. கருவுல செல்லு பெருகுததும் நகருததும் அதைப் பிடிச்சுத்தான். எலி மூளை வழுவழுன்னு இருக்கு, ஆட்டு மூளை மடிப்பு மடிப்பா இருக்கு. ஏன்? இந்தப் பசைக்கும் அதுல பங்கு உண்டுன்னு நான் சொல்லுதேன்!"

எலி ஆய்வகத்தில் கிடைத்தது. ஆட்டுக்கு, தச்சநல்லூரில் ஆடு வளர்க்கும் ஓர் அக்காவைப் பிடித்தான். குறைமாதத்தில் குட்டி விழுந்தால் அவர் போன் செய்வார். சந்து மொபெட்டில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு பறப்பான். வழியில் பெண்கள் கைகாட்டி நிறுத்துவார்கள்.

"ஏ மீனு! என்ன மீன் வச்சிருக்க?"

"மூளைக்கா."

அந்தத் தெருவில் அப்புறம் யாரும் அவனை நிறுத்தியதில்லை.

ஐந்து வருடம் இப்படி ஓடியது. வாய்மொழித் தேர்வன்று அக்காவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியூர்ப் பேராசிரியர் ஆய்வேட்டைப் புரட்டினார். "தானாக விழுந்த குட்டிக்கு எழுபத்தைந்து நாள் என்று போட்டிருக்கிறீர்கள். எப்படித் தெரியும்? வயது தப்பென்றால் எலியோடு ஒப்பிட்டதெல்லாம் தப்பு. மறுபடி செய்ய வேண்டியதுதான்."

நாள் முழுக்கப் பேசுகிறவன் அட்டவணைப் பக்கத்தையே முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தான்.

பின்னாலிருந்து அக்கா எழுந்தார். "ஐயா, அது எங்க கருப்பி போட்ட குட்டி. பங்குனி ஒண்ணாந்தேதி கெடா சேந்துச்சு. வைகாசி பதினஞ்சுல விழுந்துட்டு. நீங்களே எண்ணிப் பாருங்க."

பேராசிரியர் நிஜமாகவே விரல்விட்டு எண்ணினார். அடுத்தடுத்த குட்டிகளைக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தாயின் பெயரோடு நாள் வந்தது. பதினோரு குட்டிகளின் நாளும் ஆய்வேட்டின் அட்டவணையோடு பொருந்தின.

"நீங்கள் யாரம்மா?"

"ஆட்டுக்காரி. எங்குட்டிய வச்சு என்ன படிச்சாம்னு பாக்க வந்தேன்."

பட்டம் கிடைத்தது. சந்து மேடையிலிருந்து இறங்கி, பேராசிரியருக்கு நன்றி சொல்ல மறந்து, அக்காவிடம் போய் மடிப்புகளின் படத்தை விரித்து அரைமணி நேரம் விளக்கினான். அவரும் பொறுமையாகக் கேட்டார்.

அடுத்த வாரம் வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். மறுநாள் மெஸ்ஸில் குறுக்கே பேச ஆளில்லாமல், பல வருடங்களில் முதல்முறையாகச் சூடான சோறு சாப்பிட உட்கார்ந்தேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை.