உடைந்த இலை குறித்து வருங்காலச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய வருங்காலச் சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என் மனைவி, மகன்கள் எல்லோரும் சுகம். என் வலது முழங்கை மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. தங்கள் வீட்டிலும் எல்லோரும் நலமாக, முக்கியமாக நல்ல மனநிலையில், இருக்க வேண்டுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்கு இன்னும் புரியவில்லை. "பொண்ணோட அப்பா மியூசியத்துலதான் வேலை பாக்குறாரு, நேர்ல போய்ப் பேசுங்கப்பா" என்று பெரியவன் சொன்னதை நம்பி வந்தேன். தாங்களும் "வாங்க வாங்க, நீங்க வருவீங்கன்னு பொண்ணு சொல்லிச்சு" என்று கையைப் பிடித்து, உட்காரக்கூடச் சொல்லாமல், நேரே தூண் கூடத்துக்குக் கூட்டிப் போனீர்கள். கூரையைத் தாங்காமல் சும்மா நிற்கிற தூண்களை அன்றுதான் பார்த்தேன். பழைய கிரேக்கக் கோயில் தூண்களில் மூன்று வகை என்றீர்கள். ஒன்றுக்குத் தலையில் ஒன்றுமில்லை, ஒன்றுக்கு இரண்டு பக்கமும் சுருள், இன்னொன்றுக்குத் தலை நிறைய இலை. டோரிக், அயோனிக், கொரிந்தியன் என்றீர்கள். உங்கள் மகளின் பெயரைக் கேட்க நான் வாயெடுத்தபோதெல்லாம் ஒரு தூணின் பெயர்தான் வந்தது.

தரையில் இறக்கி வைத்திருந்த அந்த இலைத் தலையில் நான் முழங்கையை ஊன்றியது தப்புதான். கல் என்று நினைத்தேன். அது பிளாஸ்டர், உள்ளே வெறும் கூடு என்பது நான் சரிந்து, இலை கையோடு வந்த பிறகுதான் தெரிந்தது. "பரவாயில்ல, இது அச்செடுத்த நகல்தான்" என்றீர்கள். போன உயிர் வந்தது. உடனே, "ஆனா அசல் மழையில கரைஞ்சு மொழுமொழுன்னு நிக்குது. இலை எப்படி இருந்துச்சுன்னு காட்ட இது ஒண்ணுதான் மிச்சம்" என்றீர்கள். வந்த உயிர் போனது. சத்தம் கேட்டு வந்த பூச்சுக்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது போன வருஷம் நான் ஒட்டினது சார். பக்கத்து இலையில அச்செடுத்தேன்" என்றார். அப்படியானால் நான் உடைத்தது அசலா, நகலா, நகலின் நகலா? முழுசாக வருத்தப்பட வேண்டுமா, பாதி போதுமா?

நீங்களோ இலையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டீர்கள். வாசலில் "கல்யாணத்த எப்ப வச்சுக்கலாம்?" என்று கேட்டேன். கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டே "பாக்கலாம்" என்றீர்கள். அந்தப் பாக்கலாம் கல்யாணத்துக்கா, இலைக்கா? வீட்டில் அன்றிலிருந்து இதே பேச்சுதான். "பொண்ணு கேக்கப் போன இடத்துல உங்கள யாரு தூணத் தொடச் சொன்னா?" என்கிறாள் என் மனைவி. பெரியவன் வெளியூரில் இருக்கிறான், அவனிடம் சொல்லத் தைரியமில்லை. எத்தனையோ வரன் கொண்டுவந்தோம், நிமிர்ந்துகூடப் பார்க்காத பையன், சம்பந்தி. இந்தப் பெண்ணைப் பற்றித்தான் அவனாக வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். அது என் முழங்கையால் கெட்டுப்போகக் கூடாது. தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள்.

தங்கள் வீட்டாருக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு ஆசியும். மீதித் தூண்கள் நீடூழி நிற்கட்டும்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் அப்பா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பெரியவன் ஊரிலிருந்து வந்துவிட்டான். இதைப் படித்துவிட்டு, அவனுடைய மாமனார் தூண் பக்கமே போகிறவர் இல்லை என்கிறான். எதிர்க் கட்டடமும் மியூசியம்தானாம், அவர் அங்கே செத்த கரடிக்குப் பஞ்சடைக்கிறாராம். செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளையின் அப்பா என்று ஒருவர் அங்கே வந்து, தேதியே குறித்துவிட்டுப் போனாராம். தங்கமான மனிதராம். அவர் உங்களுடைய சம்பந்தியாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தேதி யார் வீட்டுக் கல்யாணத்துக்கு என்று அவரிடம் கேட்டுச் சொல்லவும்.