கடுகளவு பச்சை

மனைவியும் மாமியாரும் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து, அவன் சின்னக் கத்தியால் தொட்டிலில் வரைந்திருந்த கிளியின் இறக்கையைச் சுரண்டினான். கடுகளவுதான். அதைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அருங்காட்சியக ஆய்வகத்தில் பழைய ஓவியங்களின் வண்ணங்களைச் சோதிப்பது அவன் வேலை. முந்தின நாள் ஒரு பழைய மரப்பெட்டியின் பச்சை வண்ணத்தில் ஆர்சனிக் விஷம் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தான். எல்லாரும் கைகுலுக்கினார்கள். அவனுக்கோ வீட்டுத் தொட்டில் ஞாபகம் வந்தது. வீட்டில் இருக்கும் கிளியும் பச்சைதானே?

மனைவியின் அம்மா வழியில் நாலு தலைமுறைத் தலைச்சன் பிள்ளைகள் படுத்த தொட்டில் அது. அவளுக்கு ஒன்பதாம் மாதம். இந்த நேரத்தில் விஷம் கிஷம் என்று சொல்லி அவளைக் கலவரப்படுத்த அவனுக்கு மனம் வரவில்லை.

சுரண்டிய இடத்தில் மரம் பல்லிளித்தது. கடைக்கு ஓடி ஒரு டப்பா பச்சை பெயிண்ட் வாங்கிவந்து தொட்டு வைத்தான். கிளிக்கே பச்சை குத்தினாற்போல் அது தனியாகத் தெரிந்தது. சரி என்று இறக்கை முழுக்கப் பூசினான். மறு இறக்கை சோகை பிடித்ததுபோல் வெளிறிப்போனது. அதற்கும் பூசினான். பிறகு வாலுக்கு, பிறகு உடம்புக்கு. கூடத்தில் மாமனார் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அவர் இருப்பதும் நாற்காலி இருப்பதும் ஒன்றுதான். வாசலில் கார் வந்து நின்றபோது கிளி தவளையாகியிருந்தது.

அவசரமாக ஒரு போர்வையை எடுத்துத் தொட்டிலை மூடினான்.

"என்னங்க, பெயிண்ட் வாடை வருது?"

"பக்கத்து வீட்டுல."

"தொட்டிலுக்கு எதுக்கு மாப்பிள்ளை போர்வை?" என்று மாமியார் அதைப் பிடித்து இழுத்தார். பாதிக் கிளி போர்வையோடு வந்துவிட்டது.

மனைவி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தொட்டிலின் விளிம்பைத் தடவிக்கொண்டே, "இது நான் படுத்த தொட்டிலுங்க" என்றாள்.

அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீ பயப்படுவியேன்னுதான்."

"அதுக்காக நீங்க தனியா பயப்படணுமா? உக்காருங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே பயப்படலாம்."

உட்கார்ந்தான். அவள் அவன் விரல்களில் இருந்த பச்சையை மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் மாலை அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"விஷம் இல்ல. எக்ஸ்ரே கருவியில வச்சுப் பார்த்தாச்சு. குழந்தையைத் தாராளமா போடலாம்."

மனைவி கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சு விட்டாள்.

"ஆனா ஒரு விஷயம் புரியல, அத்தை. அந்தத் துணுக்கை நுண்ணோக்கியில பார்த்தா நாலு அடுக்கு தெரியுது. நாலும் பச்சை, ஆனா நாலும் வேற வேற பச்சை. நடுவுல படிஞ்சிருக்கற அழுக்கைப் பார்த்தா, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் இருபது, இருபத்தஞ்சு வருஷமாவது இருக்கும். யாரோ கிளிக்குத் திரும்பத் திரும்பப் பூசியிருக்காங்க."

"சேச்சே, எங்க வீட்டுல யாரும் அதைத் தொட்டதே இல்ல" என்றார் மாமியார்.

செய்தித்தாள் மெதுவாகக் கீழே இறங்கியது.

"மேல இருக்கற பச்சை என்னோடது, மாப்பிள்ளை" என்றார் மாமனார். "இவ பிறக்கறதுக்குப் பத்து நாள் முன்னாடி, மரம் உளுத்திருக்குமோன்னு சுரண்டிப் பார்த்துட்டேன். அதுக்கு அடியில இருக்கறது என் மாமனாரோடது. அவருக்கு உள்ள ஆணி கிணி துருத்திட்டு இருக்குமோன்னு பயம்."