லாசர் சார் வகுப்பின் சாட்சி

லாசர் ஏணியின் முதல் படியில் காலை வைக்கவில்லை, அதற்குள் வகுப்புப் பையன் அஜினின் அப்பா சட்டையைப் பிடிக்காத குறையாக மறித்துக்கொண்டார்.

"என்ன சார்வாள், ஞாயித்துக்கிழம வகுப்புல பிள்ளையளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கீரு?"

"பத்துக் கட்டளை. வேற என்னத்த?"

"நல்ல கட்டளை வே! காய்ச்சல்னு லீவு சொல்லிட்டு வீட்டுல கெடந்தேன். மொதலாளி சேட் போன் பண்ணுதாரு. இவன் எடுத்து, 'அப்பாவுக்குக் காய்ச்சல்லாம் இல்ல, மேட்ச் பாத்துக்கிட்டு இருக்காரு'ங்கான்! நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட வேலைக்குப் போறது?"

லாசருக்குச் சுர்ரென்று ஏறியது. ஏறாதா பின்னே? பொய் சொன்னவர் இவர், மாட்டிக்கொண்டவர் இவர், ஏச்சு மட்டும் லாசருக்கா? எந்த ஊர் நியாயம் இது?

தாராவியில் ஒரு சட்டைக் கம்பெனியில் ஆறு நாளும் நின்றுகொண்டே வேலை பார்க்கிற மனிதர் லாசர். ஏழாம் நாள் ஓய்ந்திருக்கச் சொல்லிக் கடவுளே கட்டளை போட்டிருக்க, அன்றைக்கும் சபைக்கு வந்து ஓசியில் வகுப்பு எடுக்கிறார். போன வாரம் அவர் பிள்ளைகளிடம் சொன்னது இவ்வளவுதான்: ஆளுக்கொரு கட்டளையை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் அதன்படி நடக்க வேண்டும். அதனால் வீட்டிலும் சந்திலும் சமாதானம் வந்ததைச் சிறுவர் ஞாயிறன்று சபை முன்னால் சாட்சியாகச் சொல்லி, 'ஸ்தோத்திரம்' என்று முடிக்க வேண்டும். இதில் என்ன குற்றம் கண்டார்கள்?

இருந்தாலும் அஜினைக் கூப்பிட்டார்.

"லேய், உண்மையச் சொல்லணும்தான். அதுக்காக எல்லா எடத்துலயும் போயி வாயத் தொறக்கணும்னு இல்ல. பேசாம இருந்தாலும் பொய் கிடையாது."

அஜின் தலையாட்டினான். மறுநாள் சேட் நேரிலேயே வந்துவிட்டார். அஜின் வாயே திறக்கவில்லை. அப்பா எங்கே என்று கேட்டதற்குக் கையை மட்டும் தூக்கிப் பரணைக் காட்டினான். பரணில் பழைய பாய்களுக்கு நடுவே படுத்திருந்த அப்பா இறங்கி வரவேண்டியதாயிற்று.

"அந்தக் கட்டளையே உனக்கு வேண்டாம்ல," என்றார் லாசர். "தாய் தகப்பனைக் கனம்பண்ணு. அதை எடுத்துக்கோ. அவங்க என்ன சொல்லுதாங்களோ அதச் செய்யி."

பெற்றோருக்குக் கீழ்ப்படிவதில் என்ன வம்பு வந்துவிடும்? வந்தது. ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த நாத்தனாரைப் பற்றி அஜினின் அம்மா அடுப்படியில் முணுமுணுத்தாள்: "இவ எப்பதான் கெளம்புவாளோ, கேட்டுச் சொல்லு சாமி." அவள் கேட்டது சாமியிடம். அஜின் நேரே போய் அத்தையிடம் கேட்டான். அத்தை அழுதுகொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு செம்பூரில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவ்வளவுதான். குழாயடியில் லாசரின் மனைவி ரோசம்மாவிடம் யாரும் பேசுவதில்லை. மனைவிக்கு நேர்ந்த இந்த அநியாயத்தில் லாசர் கொதித்துக்கொண்டிருக்கும்போது பாஸ்டரிடமிருந்து போன் வந்தது.

"லாசர், உங்க வகுப்புக்கு இனி பிள்ளைங்கள அனுப்ப மாட்டோம்னு சொல்றாங்களே. சிறுவர் ஞாயிறன்னைக்கு ஒரு நல்ல சாட்சியாவது வரலன்னா, வகுப்ப சுனிதா டீச்சர்கிட்ட குடுக்க வேண்டியதுதான். எனக்கு வேற வழி இல்ல."

சுனிதா டீச்சரா! கையில் துணிப்பொம்மையை மாட்டிக்கொண்டு, ஆட்டுக்குட்டி மாதிரி பேசிக் காட்டுகிற சுனிதாவா! அந்த வகுப்பு ஒன்றுதான் லாசரின் சொத்து. கம்பெனியில் அவரை 'ஏய்' என்று கூப்பிடுகிறார்கள். 'சார்' என்று கூப்பிட இந்த மும்பையில் அந்தப் பிள்ளைகளை விட்டால் வேறு நாதி இல்லை. அதையும் பிடுங்கிக்கொள்வார்களாம்!

அன்று சாயங்காலமே பிள்ளைகளை ஏணியடியில் கூட்டினார். ஏணியடி என்பது கீழ்வீட்டு நம்பிராஜனின் வாசல். லாசரின் மாடி அறைக்குப் போக வழி அந்த மர ஏணி ஒன்றுதான். மேலே கயிற்றால் கட்டி, கீழே நம்பிராஜனின் வாசலில் பாதியை அடைத்து நிற்கும். முறுக்குச் சுட்டு விற்கிற நம்பிராஜனுக்கு இதில் தீராத எரிச்சல்.

"அண்ணாச்சி, சட்டியத் தூக்கிட்டு வெளிய வர முடியல. ஒரு நாளு இல்ல ஒரு நாளு இந்த ஏணியத் தூக்கிக் கடாசிருவேன், பாத்துக்கிடுங்க."

"கடாசும் பாப்போம்!"

அந்த வழியாகப் போன பெயிண்டர் ரஹ்மத்துல்லா நின்றார். எதிர்ச்சந்துக்காரர், வயதானவர். "சார், சௌக்கியமா? ஏணி எப்படி இருக்கு?" என்று கேட்டார். எப்போது பார்த்தாலும் இப்படித்தான், ஏணியையும் சேர்த்து விசாரிப்பார்.

"ஏணிக்கு என்ன பாய், நல்லா இருக்கு!" என்றார் லாசர். ரஹ்மத்துல்லா ஏணியை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் போனார். இந்தச் சந்தில் மனிதன் என்றால் அவர் ஒருவர்தான் என்று லாசருக்குப் பட்டது.

பிறகு பிள்ளைகளிடம் திரும்பினார். "எல்லாரும் ஒரே கட்டளைய எடுத்துக்கோங்க. திருடாதே. அடுத்தவங்க பொருள் எங்க கெடந்தாலும் உடையவங்ககிட்ட திருப்பிக் குடுத்துரணும். இரவல் வாங்கிட்டுக் குடுக்காம இருக்கறதும் திருட்டுதான். எத்தன வருஷம் ஆனாலும் திருட்டுதான்."

கூட்டத்திலேயே சின்னவள் நம்பிராஜனின் மகள் ஷ்ருதி. பிஸ்கட்டுக்காக வகுப்புக்கு வருகிறவள். கையைத் தூக்கினாள்.

"சார், கிரைண்டர் மாதிரி கனமா இருந்தா?"

"நாலு பேரு சேந்து தூக்குங்க. ஆனா ஒண்ணு, சாட்சி நேரம் வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. அஜின், உன்னத்தாம்ல சொல்லுதேன்!"

சனிக்கிழமை சந்தில் அதிசயம் நடந்தது. இட்லிக் கொப்பரைகள் பிறந்த வீட்டுக்குத் திரும்பின. குடைகள் வந்தன, முக்காலிகள் வந்தன. தொலைந்துபோனதாகத் தலைமுழுகிய மிக்ஸி ஜார் கையில் கிடைத்ததும் அஜினின் அம்மாவே சிரித்துவிட்டாள். குழாயடியில் ரோசம்மாவிடம் இரண்டு பேர் பேசினார்கள்.

"பாத்தியா! கட்டளைய ஒழுங்கா கைக்கொண்டா சமாதானம் தன்னால வரும்," என்றார் லாசர். சுனிதாவின் பொம்மையை நினைத்துச் சிரித்துக்கொண்டே தூங்கிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வெள்ளைச் சட்டை, கக்கத்தில் வேதாகமம். கதவைத் திறந்து வழக்கம்போல் பின்பக்கமாகக் காலை வெளியே வைத்தார். கால் காற்றில் தொங்கியது.

"ஐயோ!" என்று ரோசம்மா காலரைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

ஏணியைக் காணோம்.

"வே நம்பிராஜன்! எங்கவே என் ஏணி?"

கீழே முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த நம்பிராஜன் நிமிர்ந்து பார்த்தார். "அட, ஆமா! வாசல் வெளிச்சமா இருக்கேன்னு இப்பத்தான் நெனச்சேன். சத்தியமா நான் எடுக்கல அண்ணாச்சி."

"தூக்கிக் கடாசிருவேன்னு சொன்னது யாரு?"

"சொன்னேன். சொன்னா எடுத்ததா ஆயிருமா? எண்ணெய் காயுது, போவீரா!"

"என்னங்க, அந்த ஏணி வந்து..." என்று ஆரம்பித்தாள் ரோசம்மா.

"நீ சும்மா இரு! கண்ணு முன்னால திருட்டு நடந்திருக்கு!" லாசர் தெருவைப் பார்த்துக் கத்தினார். "யாராவது ரஹ்மத்துல்லா பாய்கிட்ட ஓடிப்போயி ஒரு ஏணி வாங்கிட்டு வாங்கய்யா! அவர் குடுப்பாரு!"

அஜினின் அப்பா போனார். வெறுங்கையோடு திரும்பினார்.

"ஏணி இருக்காம். ஆனா லாசர் சாருக்குன்னா இல்லன்னுட்டாரு."

லாசருக்குக் கண்ணே இருட்டியது. கடைசியில் இவருமா! தினம் தினம் ஏணியை விசாரித்தது எல்லாம் நடிப்பா! ஊரே சேர்ந்துகொண்டு அவரைக் கூண்டில் அடைத்துவிட்டதே!

பாஸ்டருக்குப் போன் போட்டார். "பாஸ்டர், பத்துக் கட்டளை சொல்லிக் குடுக்குறவன் வீட்டு ஏணியவே திருடிட்டாங்க! சுனிதாவக் கூப்பிட்டுராதீங்க!"

"பதறாதீங்க. உங்க வகுப்புப் பிள்ளைங்க ஒருத்தர் விடாம வந்துட்டாங்க. நாங்களே அங்க வர்றோம்."

சபை சந்து முனையில்தான் இருந்தது. பாஸ்டர், பிள்ளைகள், பெற்றோர்கள், துணிப்பொம்மையோடு சுனிதா என்று எல்லாரும் வந்து நின்றார்கள். சந்துக்காரர்களும் கூடிவிட்டார்கள். மாடி வாசலில் நின்ற லாசருக்குப் பிரசங்க மேடையே கிடைத்த மாதிரி ஆயிற்று.

"அடுத்தவன் பொருள வச்சு அனுபவிக்கறவன் வீட்டுல சமாதானம் இருக்குமா? அவனுக்கு வெக்கம் இல்லையா? மானம் இல்லையா? தெனம் அந்தப் பொருளக் கையால தொடும்போது அவன் கை கூசாதா?"

"என்னங்க..." என்றாள் ரோசம்மா.

"பேசாத! நான் யாரச் சொல்லுதேன்னு அந்த ஆளுக்கே தெரியும்!" நம்பிராஜனைப் பார்த்து விரலை நீட்டினார். நம்பிராஜன் முறுக்கு உரலைத் தொப்பென்று கீழே வைத்தார்.

பாஸ்டர் கையமர்த்தினார். "போதும் லாசர், கோவம் வேண்டாம். நாம வந்த காரியத்தப் பாப்போம். பிள்ளைங்க இங்கயே சாட்சி சொல்லட்டும். நல்லா இருந்தா வகுப்பு உங்களுக்குத்தான். யாரும்மா மொதல்ல?"

ஷ்ருதி முன்னால் வந்தாள். கண்ணை இறுக மூடி, கையைக் கட்டிக்கொண்டாள்.

நம்பிராஜனின் சொந்த மகளே சாட்சி! லாசருக்கு உள்ளம் குளிர்ந்தது. மாடியிலிருந்து குனிந்து சொன்னார்: "சொல்லு கண்ணு! உரக்கச் சொல்லு, உங்க அப்பா காதுல நல்லா விழட்டும்!"

ஷ்ருதி உரக்கவே சொன்னாள்: "நாங்க எடுத்த கட்டளை, திருடாதே, நான் பொறக்கறதுக்கு முந்தி, வெள்ளையடிச்சிட்டு மறுநாளே தந்துருதேன்னு சார் வாங்கின ஏணிய, விடியக்காலையில நாங்க எல்லாரும் சேந்து தூக்கிட்டுப் போயி ரஹ்மத்துல்லா தாத்தாகிட்டயே திருப்பிக் குடுத்துட்டோம், ஸ்தோத்திரம்!"